வலைக்குத் தடைக்காலம் உண்டு, அணைக்கு?

நடுவர் அவர்களே, காசிமேட்டுப் பெரியவர்களே, மீன்கூடையை இறக்கிவைத்த கையோடு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அக்காமார்களே, வணக்கம். ஆறேறும் மீன்கள் அருகிப்போனதற்குக் காரணம் வலையா, அணையா? அணைதான் என்று வாதாட வந்திருக்கிறேன்.

கண்ணி சிறுத்த வலை குஞ்சு குருமான்களை வாரிவிட்டது என்றார் எதிரணித் தலைவர். அந்த வலையை நாங்களும் வெறுக்கிறோம். ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நம் விசைப்படகுகள் கரையில் கட்டிக்கிடக்கின்றனவே! மீன் இனம் பெருகட்டும் என்று கடன் வாங்கி அடுப்பெரிக்கிறோம். நம் மாநிலத்தில் மீன் ஏறட்டும் என்று பத்து நாள் மதகைத் தூக்கிவைத்த அணை ஒன்றை எதிரணி காட்டட்டும்.

ஹில்சா என்று வெளியில் சொல்லும் உல்லம் மீனை எடுத்துக்கொள்ளுங்கள். சினை உல்லம் ஏலத்துக்கு வந்தால் வாங்குகிறவர் கை முதலில் அதன் வயிற்றைத்தான் அழுத்திப் பார்க்கும். அதற்குள் பல லட்சம் முட்டைகள். கடலில் வளர்ந்தாலும், தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் பெண்ணைப் போல, முட்டையிட அது ஆற்றுக்குத்தான் போகும். புதுவெள்ளம் கலங்கி முகத்துவாரத்துக்கு வந்ததும் நீரோட்டத்தை எதிர்த்து ஏறத் தொடங்கும்.

கங்கையில் ஒரு காலத்தில் உல்லம் அலகாபாத்தைத் தாண்டியும் ஏறியிருக்கிறது. 1975-இல் மேற்கு வங்கத்தில் ஃபராக்கா தடுப்பணை வந்தது. இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் நீளம். அதற்குப் பிறகு மேலே உல்லம் கிடைப்பதே அபூர்வமாகிவிட்டது. கீழே, மேற்கு வங்கத்திலும் வங்கதேசத்திலும் இன்றும் பிடிக்கிறார்கள். இருபுறமும் வலை உண்டே! வலைதான் குற்றவாளி என்றால் அணைக்கு மேலே மட்டும் ஏன் இந்தக் கதி? இதற்குப் பதில் சொல்லிவிட்டு எதிரணி அடுத்த வாதத்துக்குப் போகட்டும்.

நம் கொள்ளிடத்தில் 1836-இல் கீழணை எழுந்தது. 1934-இல் வந்த மேட்டூர் அணையோ வெள்ளத்தையே பிடித்துவைத்துக்கொண்டது. கிளம்பச் சொல்லும் வெள்ளம் கடலுக்கு வந்து சேராவிட்டால் மீன் எதை நம்பிப் புறப்படும்? காவிரியின் உல்லம் தேய்ந்துபோனது அதன் பிறகுதான். சுவர் வழியை அடைப்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. வெள்ளம் நின்றுபோவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு அதுதான் பெரிய கொடுமையாகப் படுகிறது.

நம் கொசஸ்தலை ஆற்றுக்கு வருவோம். 1944-இல் பூண்டி நீர்த்தேக்கம். அதற்குக் கீழே தாமரைப்பாக்கம், வல்லூர் அணைக்கட்டுகள். சாம்பலும் கழிவும் எண்ணூர் முகத்துவாரத்தைக் கெடுத்தது தனி வழக்கு, அதற்கு இன்னொரு மன்றம் கூட்ட வேண்டும். மடவையும் கொடுவாவும் கடலில் முட்டையிடும். குஞ்சுகள் முகத்துவாரம் வழியே உள்ளே வந்து வளரும். விலாங்கோ ஆண்டுக்கணக்கில் ஆற்றிலும் ஏரியிலும் கிடந்துவிட்டு, முட்டையிடக் கடலுக்குப் போகும். அதன் குஞ்சு விரல் நீளம்தான் இருக்கும். உடல் ஊடுருவித் தெரியும். ஈரமும் சொரசொரப்பும் உள்ள சரிவு கிடைத்தால் அது ஊர்ந்தே ஏறிவிடும். வெளிநாடுகளில் தூரிகைபோல் குச்சமுள்ள சரிவுகளை விலாங்குக்கென்றே அணையோரம் பதிக்கிறார்கள்.

பூண்டித் தண்ணீரைக் குடித்துக்கொண்டே அணையை ஏசலாமா என்று எதிரணித் தம்பி கேட்டார். குடிக்கிறேன், தம்பி. பூண்டியை இடிக்கச் சொல்லவில்லை. ஆனால் அடைத்த வழியைத் திறந்தால் மீன் திரும்பும் என்பதற்குச் சாட்சி உண்டு. அமெரிக்காவில் எல்வா என்ற ஆற்றில் மீன் ஏற வழியே வைக்காமல் கட்டிய இரண்டு அணைகளை 2011-க்கும் 2014-க்கும் இடையில் பெயர்த்தெடுத்தார்கள். ஏறத்தாழ நூறாண்டு அடைபட்டுக் கிடந்த நீர்வழியில் சால்மன் மீண்டும் ஏறியது. அணையோரம் மீன் படிப்படியாக ஏறிப்போகும் மீன் ஏணி கட்டினால் போதும் என்றும் அந்தத் தம்பி சொன்னார். துள்ளித் தாவும் சால்மனுக்கு அமைத்த ஏணியை அப்படியே கொண்டுவந்தால், தாவத் தெரியாத உல்லம் என்ன செய்யும்? எந்த மீன் எப்படி ஏறும் என்று அதைப் பிடிக்கிறவர்களைக் கேட்டல்லவா கட்ட வேண்டும்?

நடுவர் அவர்களே, கொசஸ்தலையில் இனி ஒரு தடுப்பணை எழுந்தால், விலாங்குக் குஞ்சு ஏற ஒரு சரிவும், முதல் வெள்ளத்தில் மடவை நுழைய ஒரு மதகும் வரைபடத்திலேயே இருக்க வேண்டும் என்று இந்த மேடையில் நின்று கேட்கிறேன். நன்றி, வணக்கம்.