கம்பெனி கலைகிறது

(பன்னிரண்டாம் வகுப்பு வழியனுப்பு விழாவில், பள்ளி நாடகக் குழு சார்பில் பேசியது)

தலைமையாசிரியை அம்மாவுக்கும் டீச்சர்களுக்கும், முன்வரிசையை மதியமே பிடித்துவிட்ட ஆறாம் வகுப்புத் தங்கச்சிகளுக்கும் வணக்கம். நாடகக் குழு சார்பில் யாராவது பேசணும் என்றதும் கண்ணகியும் பாண்டியனும் நழுவிவிட்டார்கள். மேடையில் அழுதுவிடுவார்களாம். அதனால் வாயிற்காவலன் வந்திருக்கிறேன். சா. கணேசன் 1939இல் கம்பன் கழகம் தொடங்கிய ஊர் இது, மைக்கைப் பிடித்தவர்கள் இங்கே அவ்வளவு சீக்கிரம் விடுவதில்லை. நான் விட்டுவிடுவேன், பயப்படாதீர்கள்.

இந்த ஒரு மாதமாக யாரைப் பார்த்தாலும் எங்களிடம் சொல்வது ஒன்றுதான்: "நடிப்பை மட்டும் விட்டுடாதீங்கம்மா." காரைக்குடி இல்லையா, அடுத்த வரியில் பேச்சு சினிமாவுக்குப் போய்விடும். ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் யுத்த காலத்தில் சென்னையை விட்டு வந்து, இங்கே தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டு ஸ்டூடியோ நடத்திய கதையைச் சொல்வார்கள். அப்புறம் எஸ்.பி. முத்துராமன் நம்ம ஊர்க்காரர் என்பார்கள். பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் கண்ணகி நர்சிங் படிக்கப் போகிறாள், பாண்டியன் சி.ஏ. படிக்கப் போகிறாள், கோப்பெருந்தேவிக்குத் திருப்பூரில் அத்தை வீட்டில் தங்கி ஃபேஷன் படிப்பு, எனக்குப் பாலிடெக்னிக். நடிப்பை விடத்தான் போகிறோம். அதில் ஒரு குற்றமும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. எனக்கு இருக்கிற கவலை வேறு. இத்தனை பேரும் நாளைக்கு ஒரே இடத்தில் இருக்கமாட்டோமே, அதுதான்.

தமிழ் டீச்சர் எங்களுக்கு ஒத்திகை நடுவில் பழைய பாய்ஸ் கம்பெனிக் கதைகளை, அதாவது சிறுவர்களே நடித்த நாடகக் குழுக்களின் கதைகளைச் சொல்வார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா தொடங்கியபோது நடிகர்கள் எல்லாரும் சின்னப் பையன்கள். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே சேர்ந்தபோது எங்கள் ஆறாம் வகுப்புத் தங்கச்சிகளைவிடப் பெரியவர்களாக இருந்திருக்க மாட்டார்கள். சாப்பாடு, தூக்கம், பாடம், பாட்டு எல்லாம் கம்பெனியோடுதான். ஊர் ஊராகக் கூட்டமாகவே போய்க் கூட்டமாகவே வருவார்கள். ஆனால் ஒரு வயதில் குரல் உடையும். மகரக்கட்டு என்பார்கள். நேற்றுவரை ஸ்திரீபார்ட்டில், அதாவது பெண் வேஷத்தில், கொடிகட்டிப் பறந்த பையனால் அதற்கப்புறம் அந்தச் சுருதியில் பாட முடியாது, வேஷம் கைமாறிவிடும். திறமை குறைந்ததால் இல்லை, வயது வந்ததால். எனக்கு அந்தக் கதையில் அதுதான் மனதில் நின்றது. அங்கே பையன்கள் சேலை கட்டினார்கள், பெண்கள் பள்ளியான இங்கே நாங்கள் கண்மையால் மீசை வரைந்தோம். கே.பி. சுந்தராம்பாள் 1935இலேயே சினிமாவில் நந்தனாராக ஆண் வேடம் போட்டுவிட்டார், அதனால் இதில் எங்களுக்குப் பெரிய பெருமை ஒன்றும் கிடையாது.

நானும் மீசை வரைந்து ஈட்டியோடு நின்றேன். ஆனால் என் உண்மையான வேலை சிலம்பு செய்வது. வழக்காடு மன்றக் காட்சிக்கு ஒவ்வொரு தடவையும் புதுச் சிலம்பு வேண்டும், ஏனென்றால் போன தடவைச் சிலம்பு உடைந்து போயிருக்கும், உடையத்தானே செய்தது. பழைய செய்தித்தாளை ஊறவைத்து அரைத்து, மைதாப் பசை கலந்து, இரண்டு அரைவட்டக் குழலாக வார்த்துக் காயவைத்து, உள்ளே மாணிக்கப் பரலுக்குப் பதிலாகக் குன்றிமணியைப் போட்டு ஒட்டி, மேலே ஜிகினாத்தாள் சுற்றணும். கெட்டியாகச் செய்தால் உடையாது, மெலிசாகச் செய்தால் கண்ணகி கையிலேயே பிரிந்துவிடும். காட்சி முடிந்து எல்லாரும் போட்டோ எடுத்துக்கொண்டிருக்கும்போது நானும் இரண்டு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளும் மேடையில் தவழ்ந்து குன்றிமணி பொறுக்கிக்கொண்டிருப்போம். எங்கள் குழு போட்டோ ஒன்றில்கூட என் முகம் இல்லாததற்கு இதுதான் காரணம்.

போன வருஷப் போட்டியில் நடந்ததைச் சொல்லியே ஆகணும். மைதா தீர்ந்து ஃபெவிகால் போட்டு ஒட்டிய சிலம்பு அது. கண்ணகி "தேரா மன்னா" என்று ஆரம்பித்து, ஆவேசமாக ஓங்கி அடித்தாள். சிலம்பு பந்து மாதிரி எம்பி, உருண்டு, நடுவர் மேசைக்குக் கீழே போய் நின்றது. அரங்கம் முழுக்கச் சிரிப்பு. நான் காவலன் ஆயிற்றே, விறைப்பாகப் போய் ஈட்டி முனையால் அதை இழுத்து எடுத்துவந்து அரசன் முன்னால் நீட்டினேன். பாண்டியன் அதை வாங்கிக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தாள். முகம் மாறியது. "இது முத்தின் ஓசை அல்லவே" என்றாள். எந்தத் தாளிலும் இல்லாத வசனம்! சிரித்த கூட்டம் அப்படியே அடங்கிவிட்டது. அதற்கப்புறம் கண்ணகி அதைப் பிடுங்கிக் காலால் மிதித்து உடைத்தாள், குன்றிமணி தெறித்தது, பாண்டியன் விழுந்தாள். பரிசு கிடைக்கவில்லை. அது வேறு விஷயம், எனக்கு அதில் இன்னும் கோபம் இருக்கிறது.

அன்றைக்கு வண்டியில் திரும்பும்போது எனக்கு அப்பத்தா ஊர்த் திருவிழா ஞாபகம் வந்தது. புதுக்கோட்டைப் பக்கம். பங்குனி, சித்திரை வந்துவிட்டால் நம்ம சுற்றுவட்டாரத்தில் வள்ளி திருமணம் போடாத ஊர் உண்டா? ராத்திரி பத்து மணி வாக்கில் ஆர்மோனியம் தொடங்கினால் விடியும்வரை போகும். அதை ஏன் ஸ்பெஷல் நாடகம் என்கிறார்கள் என்று இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? அதில் கம்பெனி கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் இன்னொரு ஊர், மிருதங்கம் வேறொரு ஊர். நடிகரைத் தனித்தனியாகப் பேசி அழைத்திருப்பார்கள். ஒத்திகை இல்லை, டைரக்டர் இல்லை. அன்றைக்குச் சாயங்காலம்தான் வந்து சேருவார்கள், திரைக்குப் பின்னால் பவுடர் போட்டுக்கொண்டே ஒருத்தரை ஒருத்தர் விசாரித்துக்கொள்வார்கள். அப்புறம் மேடையேறி, வள்ளியும் நாரதரும் விடிய விடியத் தர்க்கம் பண்ணுவார்கள். இவர் எங்கே இழுத்தாலும் அவர் அங்கே வந்து நிற்பார். எல்லாருக்கும் கதை தெரியும், பாட்டு தெரியும், எதிரில் நிற்கிறவர் முகத்தைப் பார்க்கத் தெரியும். அதுபோதும்.

நாங்கள் இதுவரைக்கும் கம்பெனி. மதியச் சாப்பாட்டு வேளை, ஸ்பெஷல் கிளாஸ் முடிந்த அரைமணி நேரம், இயற்பியல் லேபில் மேசைகளுக்கு நடுவே ஒப்பனை, எல்லாம் ஒன்றாகவே. மார்ச்சோடு அந்தக் கம்பெனி கலைகிறது. கலையட்டும். இனிமேல் நாங்கள் ஸ்பெஷல் நாடகக்காரர்கள். செட்டிநாட்டில் பிறந்தவர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்லித்தரத் தேவையில்லை. வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடக்கிற வீட்டை, முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கும் கல்யாணத்துக்கும் திறந்து, எங்கெங்கோ இருக்கிற பங்காளிகள் எல்லாம் வந்து, வீட்டு நடுவே இருக்கிற வளவு நிறைய இலை போடுகிறோமே! யாருக்கு என்ன வேலை என்று அங்கே யாரும் ஒத்திகை பார்ப்பதில்லை. கொப்புடையம்மன் திருவிழாவுக்கோ, எங்களில் ஒருத்தி கல்யாணத்துக்கோ வருவோம். பாண்டியன் ஏதாவது ஒரு வரி எடுத்துக் கொடுப்பாள், நாங்கள் பிடித்துக்கொள்வோம்.

சரி, தங்கச்சிகளுக்கு இரண்டு மூன்று விஷயம் சொல்லிவிட்டு இறங்குகிறேன். ஸ்டாண்டு மைக்கை நம்பாதீர்கள், அது வசனத்தில் பாதியைத் தின்றுவிடும், கடைசி வரிசையைப் பார்த்துப் பேசுங்கள். பாண்டியன் உட்காருகிற தேக்கு நாற்காலி பள்ளியுடையது இல்லை, பக்கத்துத் தெரு ஆச்சி முகப்பிலிருந்து எடுத்துத் தருவது. அதை நாலு பேர் தூக்கணும், இழுக்கக்கூடாது. ஆச்சி வீட்டுத் தரையில் பதித்திருக்கிற ஆத்தங்குடிக் கல்லில் ஒரு கீறல் விழுந்தாலும் அடுத்த வருஷம் அரசன் பிளாஸ்டிக் சேரில்தான் உட்காருவான். நாடகத்தன்றைக்கு ஆச்சியை நேரில் போய் அழைக்கணும், முன்வரிசையில் இடம் போடணும். திரைக்கயிற்றில் இடதுபக்கக் கப்பி சிக்கும், அங்கே உயரமான பிள்ளையாக நிறுத்துங்கள்.

குன்றிமணி டப்பா லேப் பீரோவில் மேல்தட்டில் இருக்கிறது, சாவி தமிழ் டீச்சரிடம். எனக்கு பிராக்டிகல் தொடங்கிவிட்டால் நேரம் இருக்காது, அதனால் சிலம்பு செய்யக் கற்றுக்கொள்ள ஆசை இருக்கிறவர்கள் திங்கட்கிழமை மதியம் பழைய செய்தித்தாளோடு வந்துவிடுங்கள். மைதா நான் கொண்டுவருகிறேன்.