தாய்மார் இருக்கும்போதே எடுத்து வைப்போம்

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையிலேயே கூடுதல் உயிர்களைப் பறிகொடுத்தது நம்முடைய அம்பாறை மாவட்டக் கரைதான். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, திருக்கோவில் என்று ஊர் ஊராகச் சொல்லலாம். இன்று நான் பேச வந்தது அந்த ஊர்களில் உடலும் கிடைக்காமல், உயிரோடும் வராமல் போன பிள்ளைகளைப் பற்றி.

அன்று கிடைத்த உடல்களை நோய் பரவும் என்ற பயத்தில் அவசர அவசரமாகப் பொதுக்குழிகளில் அடக்கினோம். பல உடல்களுக்குப் படமும் இல்லை, குறிப்பும் இல்லை. இயற்கை அனர்த்தத்தில் இறந்தவர்களின் உடலால் கொள்ளைநோய் பரவுவதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அன்று அது நம் ஊர்களில் யாருக்குத் தெரியும்?

அதனால்தான் கேள்வி முடியவில்லை. "என்ட புள்ளயை ஆரோ தூக்கிட்டுப் போனதக் கண்டாக்கள் இருக்காங்க" என்று சொல்லும் அம்மாமார், உம்மாமார் இன்றும் இருக்கிறார்கள். அவர்களிடம் "இன்னும் ஏன் தேடுறீங்க, மறந்திடுங்க" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். பெரும்பாலான பிள்ளைகளைக் கடல் கொண்டிருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. தன் பிள்ளை அதில் ஒன்றா என்பதுதான் அவர்களுக்குத் தெரியவேண்டும்.

2005ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க சுனாமிச் சட்டம், உடல் கிடைக்காதவர்களின் மரணத்தையும் பதிய வழி செய்தது. சான்றிதழ் தேவைதான், ஆனால் அது பதிலாகாது. காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகமோ போரிலும் அரசியல் குழப்பங்களிலும் காணாமற்போனவர்களுக்கென்று 2016இல் சட்டமாக்கப்பட்டது. கடல் கொண்டுபோன பிள்ளையின் தாய் அந்தக் கதவைத் தட்ட முடியாது.

விடை கிடைத்த ஒரு பிள்ளையும் நம் ஊரில் உண்டு. சுனாமியன்று கல்முனை ஆஸ்பத்திரிக்கு எண்பத்தோராவதாக வந்த கைக்குழந்தைக்கு ஒன்பது தாய்மார் உரிமை கோருவதாக உலகமெல்லாம் செய்தி போனது. 2005 பெப்ரவரியில் நீதிமன்றம் கேட்ட மரபணுப் பரிசோதனை பெற்றவர்களைக் காட்டியது. பிள்ளை வீடு போய்ச் சேர்ந்தது.

மற்றத் தாய்மாருக்கும் அந்த வசதியை வைத்துவிட்டுப் போகவேண்டும் என்பதே என் கோரிக்கை. பிள்ளையின் மரபணுவில் பாதி தாயுடையது, பாதி தகப்பனுடையது. அவர்கள் இருவரும் வயதாகி வருகிறார்கள், சிலர் மௌத்தாகியும் விட்டார்கள். கன்னத்தின் உட்பக்கத்தைப் பஞ்சுக்குச்சியால் தடவி, நன்றாக உலர்த்தி, கடதாசி உறையில் பாதுகாப்பது பெரிய செலவில்லை. இதை மாவட்ட மட்டத்தில், நீதிமன்றப் பொறுப்பில், இரகசியம் காத்துச் செய்ய வேண்டும். பிரதேச செயலாளர்களே, சட்டத்தரணிகளே, இதைத் தொடங்குங்கள்.

அதுவரை வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பிள்ளையின் மச்சம், தழும்பு, அன்று போட்டிருந்த உடுப்பு, கடைசியாகக் கண்ட இடம், கண்டவரின் பெயர் எல்லாவற்றையும் இப்போதே எழுதி வையுங்கள். விழுந்த பாற்பல் ஏதும் பெட்டியில் கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். அதிலிருந்தும் மரபணு எடுக்கலாம்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் வேறு சிலரும் இருக்கலாம். அந்த நாட்களில் தனித்து நின்ற பிள்ளையை இரக்கப்பட்டு எடுத்து வளர்த்த குடும்பங்களே, உங்களை யாரும் திருடர் என்று சொல்லவில்லை. வளர்ந்த பிள்ளையிடம் உண்மையைச் சொல்லுங்கள். தேடுவதா இல்லையா என்பதை அவர் தீர்மானிக்கட்டும்.

நன்றி.