நம்ம மூதாதை வேட்டைக்காரனா, இரையா? பிறப்புக் கதை சொன்ன அறிவியல் புனைவுப் படங்கள்

[திரையில்: வறண்ட பாறை நிலம், விடியற்காலை. இசை இல்ல, காத்துச் சத்தம் மட்டும்.]

குரல்:
எலும்புக் குவியல் முன்னாடி ஒரு குரங்கு மனிதன் குந்தியிருக்கான். ஒரு எலும்பைக் கையில எடுக்கிறான். சும்மா தட்டிப் பார்க்கிறான். அடுத்த தட்டு கொஞ்சம் பலமா விழுது. அப்புறம் ஓங்கி ஒரே அடி. கீழ கிடந்த மண்டை ஓடு தெறிச்சுப் போகுது. அதுக்கப்புறம் அவன் கூட்டம் முதல் தடவையா கறி தின்னுது. தண்ணிக் குட்டைக்குப் போட்டி போட்ட இன்னொரு கூட்டத்தோட தலைவனை அதே மாதிரி எலும்பால அடிச்சே கொல்றான். ஜெயிச்ச வெறியில எலும்பை வானத்துல வீசுறான். அது சுழன்று சுழன்று இறங்குற நேரத்துல காட்சி மாறுது. இப்ப திரையில இருக்கிறது விண்வெளியில மிதக்கிற ஒரு செயற்கைக்கோள்.

1968 ஏப்ரல்ல வெளிவந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி'. இயக்கம் ஸ்டான்லி குப்ரிக். திரைக்கதையை அவரும் அறிவியல் புனைவு எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் சேர்ந்து எழுதினாங்க. முதல் வசனம் வர்றதுக்கே ஏறக்குறைய 25 நிமிஷம் ஆகும். அதுவரைக்கும் குரங்கு மனிதர்கள், பாறை, பசி, பயம், அவ்வளவுதான். குரங்கு மனிதனா நடிச்ச டான் ரிக்டர் ஒரு மௌன நாடகக் கலைஞர். வாயே திறக்காம அந்த எலும்பைப் பார்த்து யோசிக்கிற அவரோட முகத்துல, ஒரு இனம் வேறொரு இனமா மாறுறதை நாம நேரடியா பார்த்த மாதிரி இருக்கும்.

இப்ப அந்தச் செயற்கைக்கோளைக் கவனிங்க. திரைக்கதைப்படி அது அணுகுண்டு சுமந்துக்கிட்டு பூமியைச் சுத்துற ஒண்ணு. அதை விளக்குற பின்னணிக் குரலைப் படத்துல சேர்க்க வேண்டாம்னு குப்ரிக் விட்டுட்டார். ஆனா சேதி அங்கேயேதான் இருக்கு: முதல் ஆயுதத்துக்கும் கடைசி ஆயுதத்துக்கும் நடுவுல ஒரே ஒரு வெட்டு.

அப்படின்னா மனுஷன் மனுஷனானது கொலையாலயா? இந்த எண்ணம் குப்ரிக்குக்கும் கிளார்க்குக்கும் எங்கிருந்து வந்துச்சு? இந்த வீடியோவோட மையமே அதுதான். ஏன்னா அது அவங்க கற்பனையில உதிச்ச எண்ணம் இல்ல. அந்தக் காலத்துல அறிவியல்னு நம்பப்பட்ட ஒண்ணு.

[திரையில்: தென்னாப்பிரிக்க வரைபடம். டவுங் என்ற இடம் ஒளிர்கிறது.]

1924-ல தென்னாப்பிரிக்காவுல டவுங் பக்கத்துல ஒரு சுண்ணாம்புக்கல் குவாரியில ஒரு சின்ன மண்டை ஓடு கிடைச்சுது. மூணு, நாலு வயசுக் குழந்தையோடது. உடற்கூறியல் பேராசிரியர் ரேமண்ட் டார்ட் அதை ஆராய்ஞ்சு, 1925-ல 'ஆஸ்ட்ரலோபித்தேகஸ் ஆப்பிரிக்கானஸ்'னு பேர் வெச்சார். மூளை குரங்கு அளவு, ஆனா நடை ரெண்டு கால்ல. மனித இனத்தோட வேர் ஆப்பிரிக்காவுலதான்னு சொல்ல வெச்ச முதல் பெரிய சாட்சி இது. அன்னைக்கு இருந்த பெரிய அறிஞர்கள் பல பேர் டார்ட்டை நம்பல. அவர் சொன்னது சரிதான்னு உலகம் ஒத்துக்க 20 வருஷத்துக்கு மேல ஆச்சு.

அதே டார்ட் அப்புறம் இன்னொண்ணும் சொன்னார். மகபன்ஸ்காட்னு ஒரு குகை. அங்க ஆயிரக்கணக்குல உடைஞ்ச விலங்கு எலும்புகள். இதெல்லாம் நம்ம மூதாதைகள் பிடிச்ச ஆயுதங்கள், தொடை எலும்புதான் கதாயுதம், தாடை எலும்புதான் ரம்பம்னு முடிவு கட்டினார். 1953-ல ஒரு கட்டுரை எழுதினார். ரத்தவெறி பிடிச்ச வேட்டைக்காரக் குரங்கு, கொன்னு கொன்னு மனுஷனாச்சுங்கிறது அதோட சாரம். இந்தக் கருத்தை எடுத்துக்கிட்டு ராபர்ட் ஆர்ட்ரேங்கிறவர் 1961-ல 'ஆப்பிரிக்கன் ஜெனிசிஸ்'னு ஒரு புத்தகம் போட்டார். ஆர்ட்ரே நாடகம், சினிமாவுக்கு எழுதினவர். சுவையா சொல்லத் தெரிஞ்சவர். புத்தகம் பரபரப்பா வித்துச்சு. 1964-ல குப்ரிக்கோட சேர்ந்து கதையை உருவாக்கிக்கிட்டிருந்த கிளார்க் அதைப் படிச்சார். குகையில தொடங்கின எலும்பு, ஒரு பேராசிரியர் வழியா, ஒரு எழுத்தாளர் வழியா, சினிமாத் திரைக்கு வந்து சேர்ந்துச்சு.

அந்தக் காலத்தையும் சேர்த்துப் பாருங்க. ரெண்டு உலகப் போர் முடிஞ்சாச்சு. ஹிரோஷிமா நடந்தாச்சு. கியூபாவுல அணு ஏவுகணை நெருக்கடி வந்து போயாச்சு. விண்வெளியில அணு ஆயுதத்தைச் சுத்தவிடக்கூடாதுன்னு நாடுகள் ஒப்பந்தம் போட்டதே 1967-லதான். நம்ம ரத்தத்துலயே கொலை இருக்குன்னு யாராவது சொன்னா, அன்னைக்கு அதை நம்புறது ரொம்ப சுலபம்.

[திரையில்: மண்டை ஓட்டின் மேல்பகுதி. இரண்டு வட்டமான ஓட்டைகள்.]

இப்ப கதை திரும்புற இடம். ஸ்வார்ட்க்ரான்ஸ்னு இன்னொரு தென்னாப்பிரிக்கக் குகை. சி. கே. பிரெய்ன்னு ஒரு ஆய்வாளர். டார்ட் சொன்னதை எதிர்க்கணும்னு அவர் கிளம்பல. ஒரு கேள்வியைப் பொறுமையா பின்தொடர்ந்தார், அவ்வளவுதான்: ஒரு விலங்கு செத்த பிறகு எந்த எலும்பு மிஞ்சும், எது காணாமப் போகும்? மனுஷங்க சாப்பிட்டு எறிஞ்ச ஆட்டு எலும்பை நாய் கடிச்ச பிறகு என்ன மிஞ்சுதுன்னு கணக்கெடுத்தார். சிறுத்தையும் கழுதைப்புலியும் தின்னுட்டுப் போட்ட மிச்சத்தையும் பார்த்தார். டார்ட் 'ஆயுதம்'னு எடுத்துவெச்ச குவியல் மாதிரியே இருந்துச்சு. ஆயுதம்னு தேர்ந்தெடுத்து வெச்ச எலும்பு இல்ல அது. பல்லுக்கு மசியாம மிஞ்சின எலும்பு.

குகையில ஒரு இளம் குரங்கு மனிதனோட மண்டை ஓடும் இருந்துச்சு. பின்பக்கம் ரெண்டு ஓட்டை. கதாயுதத்தால அடிச்ச அடின்னு நினைக்கத் தோணும். பிரெய்ன் ஒரு சிறுத்தையோட கீழ்த்தாடைக் கோரைப் பற்களை அதுல பொருத்திப் பார்த்தார். அப்படியே உட்கார்ந்துச்சு. 1981-ல இதையெல்லாம் தொகுத்து அவர் எழுதின புத்தகத்தோட பேர், 'வேட்டையாடினவர்களா, வேட்டையாடப்பட்டவர்களா?'

டவுங் குழந்தை என்னாச்சு? 1995-ல லீ பெர்கரும் ஒரு சக ஆய்வாளரும், அதைத் தூக்கிட்டுப் போனது ஒரு பெரிய கழுகுன்னு சொன்னாங்க. 2006-ல பெர்கர் அதோட கண்குழிக்குள்ள இருந்த கீறல்களைக் காட்டினார். இன்னைக்கும் ஆப்பிரிக்கக் காட்டுல முடிக்கழுகு தின்னுட்டுப் போடுற குரங்கு மண்டை ஓடுகள்ல அதே கீறல் இருக்கு.

வேட்டைக்காரன்னு பட்டம் கட்டப்பட்ட இனத்தோட முதல் சாட்சியே ஒரு பறவைக்கு இரையான பச்சைக் குழந்தை. மண்ணுக்கடியில இருந்து வந்த சேதிகள்ல என்னை இவ்வளவு உலுக்கினது வேற எதுவும் இல்ல.

சரி, அப்ப '2001' பொய்யா? அவசரப்பட வேண்டாம். எலும்பைத் தூக்குற காட்சிக்கு முன்னாடி ஒரு சிறுத்தை வரும். பாறை மேல இருந்து பாய்ஞ்சு ஒரு குரங்கு மனிதனைச் சாய்க்கும். அப்புறம் ராத்திரி. கூட்டமே பாறை இடுக்குல ஒண்டிக்கிட்டு, வெளிய உறுமல் கேட்கிற திசையைப் பார்த்து நடுங்கும். படத்தைப் பத்திப் பேசுறவங்க எல்லாரும் எலும்பைப் பத்தியே பேசுறோம். ஆனா நம்ம மூதாதையோட வாழ்க்கைக்கு உண்மையில நெருக்கமான நிமிஷங்கள் அந்த ராத்திரியிலதான் இருக்கு. ஒருத்தரோட ஒருத்தர் ஒட்டிக்கிட்டு உட்கார்ந்த அந்தக் கூட்டம் எப்படி விடியற வரைக்கும் பிழைச்சுதுங்கிறது எலும்பைவிடப் பெரிய கதை. குப்ரிக் அதைக் காட்டினார், ஆனா அதுல தங்கல.

[திரையில்: கருப்புப் பலகை. சுற்றிலும் குரங்கு மனிதர்கள்.]

இன்னொரு விஷயத்துல குப்ரிக் எடுத்த முடிவு இன்னைக்கும் பழசாகல. அந்தக் குரங்கு மனிதனுக்கு யோசனை வர்றதுக்குக் காரணம் திடீர்னு வந்து நிக்கிற ஒரு கருப்புப் பலகை. யாரோ வெச்சிருக்காங்க. யாருன்னு கடைசி வரைக்கும் காட்டல. வேற்றுக்கிரகவாசிகளைக் காட்டவே வேண்டாம்னு வானியலாளர் கார்ல் சேகன் குப்ரிக்குக்கும் கிளார்க்குக்கும் யோசனை சொல்லியிருந்தார். குப்ரிக் பல உருவங்களை முயற்சி பண்ணியும் பார்த்தார். கடைசியில ஒண்ணும் வைக்கல. காட்டியிருந்தா அது ஒரு நடிகர் போட்ட வேஷமா போயிருக்கும்.

'2001'-க்கு முந்தின வருஷம் பிரிட்டன்ல 'குவாட்டர்மாஸ் அண்ட் த பிட்'னு ஒரு படம் வந்துச்சு. இதைப் பார்த்தவங்க நம்ம பக்கம் குறைவு. நைஜல் நீல் எழுதினது. முதல்ல 1958 டிசம்பர்ல பிபிசி தொலைக்காட்சித் தொடரா வந்து, 1967-ல படமாச்சு. லண்டன்ல சுரங்க ரயில் நிலையத்துக்குத் தோண்டுறப்ப 50 லட்சம் வருஷப் பழமையான மண்டை ஓடுகளும், கூடவே ஒரு விண்கலமும் கிடைக்குது. செவ்வாய்ல இருந்து வந்த பூச்சி மாதிரி உயிர்கள் அன்னைக்கு இருந்த குரங்குகளை மாத்தி, தங்களோட புத்தியை விதைச்சிருக்கு. தன்னை மாதிரி இல்லாதவனைக் கூட்டமா சேர்ந்து அழிக்கிற வெறியும் அந்த விதையிலயே இருக்கு. கடைசியில லண்டன் தெருவுல ஜனங்க அப்படித்தான் ஒருத்தரை ஒருத்தர் வேட்டையாடுறாங்க. தொடர் வர்றதுக்குச் சில மாசம் முன்னாடிதான் லண்டன் நாட்டிங் ஹில்ல கரீபியன் மக்களைக் குறிவெச்சு வெள்ளைக்காரக் கும்பல் கலவரம் பண்ணியிருந்துச்சு. அன்னைக்குப் பார்த்தவங்களுக்கு அந்தக் கும்பல் யாருன்னு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கல.

[திரையில்: பெரிய அருவி. மேலே வெளிறிய உருவம் ஒன்று.]

இப்ப 2012. ரிட்லி ஸ்காட்டோட 'ப்ரொமீதியஸ்'. ஐஸ்லாந்தோட டெட்டிஃபாஸ் அருவி. வெளிறின உடம்போட ஒரு மாபெரும் உருவம் கருப்பு திரவத்தைக் குடிக்குது. உடம்பு சிதைஞ்சு தண்ணியில விழுது. அதோட டிஎன்ஏ கரைஞ்சு, மறுபடி கோர்த்து, உயிர் தொடங்குது. அப்படி ஒரு தொடக்கத்தைப் படமாக்க ரிட்லி ஸ்காட்டாலதான் முடியும்.

ஆனா அறிவியல் அங்கேயே சறுக்குது. படத்துல 'பொறியாளர்'கள்னு சொல்லப்படுற அந்த வெளிறின இனத்தோட டிஎன்ஏ மனுஷ டிஎன்ஏவோட அப்படியே பொருந்துது. உயிரோட விதையைத் தூவினது அவங்கதான்னு வெச்சுக்குவோம். அதுல இருந்து காளான் வந்துச்சு, வாழை வந்துச்சு, வௌவால் வந்துச்சு. எல்லாமே அவங்க வாரிசுதான். சிம்பன்சியும் நாமும் பிரிஞ்சதே ஏறக்குறைய 60, 70 லட்சம் வருஷம் முன்னாடி. கோடிக்கணக்கான தற்செயல்களைத் தாண்டி வந்த ஒரு கிளை, திரும்பவும் விதைச்சவனோட முகத்தையே அச்சு அசலா எப்படி வரையும்? படத்துலயே உயிரியலாளர் ஒருத்தர் டார்வினைத் தூக்கி எறியுறீங்களேன்னு கேட்கிறார். அவருக்குப் பதில் கிடைக்கல.

விதை தூவுற எண்ணம் மட்டும் வெறும் சினிமா இல்ல. டிஎன்ஏ வடிவத்தைக் கண்டுபிடிச்சவங்கள்ல ஒருத்தரான பிரான்சிஸ் கிரிக், லெஸ்லி ஆர்கெல்லோட சேர்ந்து 1973-ல இதையே ஒரு ஆய்வுக் கட்டுரையா எழுதினார்: வேறொரு நாகரிகம் வேணும்னே நுண்ணுயிர்களை விண்கலத்துல அனுப்பியிருக்கலாமேன்னு. நிரூபணம்னு அவங்க சொல்லல. சாத்தியம்னு சொன்னாங்க. ஆனா அது கேள்வியைப் பக்கத்து வீட்டுக்குத் தள்ளிவிடுது. அனுப்பினவங்க எப்படி வந்தாங்க? 'ப்ரொமீதியஸ்'ல நாயகி எலிசபெத் ஷாவும் இதைத்தான் கேட்கிறார்: நம்மை அவங்க படைச்சாங்கன்னா, அவங்களை யார் படைச்சது?

இந்தப் படத்துல எனக்குப் பிடிச்ச இடம் அருவியும் இல்ல, அரக்க உருவமும் இல்ல. டேவிட்னு ஒரு இயந்திர மனிதன். மனுஷங்க எதுக்கு என்னைச் செஞ்சீங்கன்னு அவன் கேட்கிறான். எங்களால முடிஞ்சுது, செஞ்சோம்னு ஒருத்தன் அலட்சியமா சொல்றான். உங்களைப் படைச்சவரும் உங்ககிட்ட இதே பதிலைச் சொன்னா எப்படி இருக்கும்னு டேவிட் அமைதியா திருப்பிக் கேட்கிறான். இதே இயக்குநர் 1982-ல 'பிளேட் ரன்னர்'ல நாலே வருஷ ஆயுள் கொடுக்கப்பட்ட ஒரு செயற்கை மனிதனைத் தன்னைச் செஞ்சவன் முன்னாடி நிறுத்தினார். அவன் கேட்டது இன்னும் கொஞ்சம் ஆயுள். கிடைக்கல. செஞ்சவனைக் கொன்னுட்டான். நாம பிள்ளையா நின்னு கேட்ட கேள்வியை இப்ப பெத்தவங்களா நின்னு கேட்க வேண்டிய காலம் வந்துக்கிட்டிருக்கு. அதனாலதான் டேவிட் கேட்ட கேள்வி 2012-ஐவிட இன்னைக்குச் சுடுது.

[திரையில்: உடைந்த கருப்பு விண்கல் துண்டு.]

விதை யாரும் அனுப்பலைன்னா, உயிருக்கு வேண்டிய சரக்கு எங்கிருந்து வந்துச்சு? 1969 செப்டம்பர் 28, ஆஸ்திரேலியாவுல மர்ச்சிசன் ஊர்ல ஒரு விண்கல் விழுந்துச்சு. நாசாவுல அதை ஆராய்ஞ்ச குழுவுல இருந்தவர் சிரில் பொன்னம்பெரும. இலங்கை காலியில பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்துல தத்துவப் பட்டம் வாங்கிட்டு, அப்புறம் வேதியியலுக்குப் போனவர். உயிர் எப்படித் தொடங்குச்சுங்கிற கேள்விக்குத் தத்துவத்துல இருந்து சோதனைக் குழாய்க்கு வந்த மனுஷர். 1970-ல அந்தக் குழு அறிவிச்சது: கல்லுக்குள்ள அமினோ அமிலங்கள் இருக்கு. புரதத்தைக் கட்டுற செங்கல், விண்வெளியிலயே உருவாகியிருக்கு.

அது பூமியில ஒட்டிக்கிட்ட அழுக்கு இல்லைன்னு எப்படித் தெரியும்? அமினோ அமிலம் இடக்கை, வலக்கை மாதிரி ரெண்டு வடிவத்துல வரும். பூமியில உயிர்கள் புரதம் செய்ய இடக்கை வடிவத்தைத்தான் எடுத்துக்குது. அந்தக் கல்லுல ரெண்டும் ஏறக்குறைய சமமா இருந்துச்சு. உயிர் தொட்ட பொருளா இருந்தா அப்படி இருக்காது.

2023 செப்டம்பர்ல நாசாவோட ஓசைரிஸ்-ரெக்ஸ் விண்கலம் பென்னு சிறுகோள்ல இருந்து 121.6 கிராம் மண்ணைக் கொண்டுவந்து இறக்குச்சு. 2025 ஜனவரியில முடிவுகள் வந்துச்சு. உயிர்கள் புரதத்துக்குப் பயன்படுத்துற 20 அமினோ அமிலங்கள்ல 14 அதுல இருக்கு. டிஎன்ஏ, ஆர்என்ஏவுல மரபுச் சேதியை எழுதுற எழுத்துகளான அஞ்சு காரங்களும் இருக்கு. இங்கயும் இடக்கையும் வலக்கையும் கிட்டத்தட்ட சமம். விண்கல்லுங்கதான் இடக்கைச் சாய்வைப் பூமிக்குக் கொண்டுவந்திருக்கும்னு பல வருஷமா ஒரு எதிர்பார்ப்பு இருந்துச்சு. பென்னு அதுக்குச் சாதகமா சாட்சி சொல்லல.

அப்ப ஒவ்வொரு உயிரும், ஒரு பாக்டீரியாவுல இருந்து நம்ம வரைக்கும், ஏன் இடக்கையையே பிடிச்சுக்குச்சு? கருப்புப் பலகையும் அருவியில கரையுற உருவமும் தொடாத கேள்வி இது. எழுத்தாளருக்கும் இயக்குநருக்கும் இவ்வளவு பெரிய கேள்வி சும்மா கிடக்குது. பென்னு மண்ணுல 70 சதவீதத்துக்குக் குறையாம ஹூஸ்டன்ல பத்திரப்படுத்தி வெச்சிருக்காங்க, இனிமே வரப்போற ஆய்வாளர்களுக்காக. அவங்கள்ல சில பேர் இப்ப பள்ளிக்கூடத்துல படிச்சுக்கிட்டிருப்பாங்க.