லவணம் என்று பேர் வைத்தவர்

நடுவர் அவர்களே, வணக்கம். மூடநம்பிக்கையை அதிகம் அசைப்பது மேடைப் பேச்சா, வாழ்ந்து காட்டுவதா என்பது தலைப்பு. எதிரணி அண்ணன் பெரியார் கூட்டங்களை அடுக்கினார், நானும்தான் கைதட்டினேன். ஆனால் அண்ணே, சுயமரியாதைத் திருமணம்? புரோகிதர் இல்லாமல் மாலை மாற்றி, சட்டம் ஒத்துக்கொள்ளாத காலத்திலேயே குடித்தனம் நடத்தினார்களே, அவர்களில் எத்தனை பேர் மைக் பிடித்தார்கள்? சட்டம் 1967-ல்தான் வந்து சேர்ந்தது.

என் அணிக்குச் சாட்சியாக நான் அழைத்து வந்திருப்பது தெலுங்கு நாட்டு நாத்திகர் கோராவை. கோபராஜு ராமச்சந்திர ராவ். நம்ம மெரினா எதிரே மாநிலக் கல்லூரியில் தாவரவியல் படித்தவர். நாத்திகத்தால் காக்கிநாடாவில் கல்லூரி ஆசிரியர் வேலை போனது, மச்சிலிப்பட்டினத்திலும் போனது. 1940-ல் ஆந்திராவின் முதுனூர் கிராமத்தில் நாத்திக மையம் தொடங்கினார்.

பிள்ளைகளுக்குப் பேர் வைத்த அழகைப் பாருங்கள். உப்புச் சத்தியாகிரகம் நடந்த 1930-ல் பிறந்தவர் லவணம்; லவணம் என்றால் உப்பு. உலகப் போர் மூண்ட ஆண்டில் பிறந்தவர் சமரம்; சமரம் என்றால் போர். ஒன்பதாவது குழந்தை நௌ; இந்தியில் ஒன்பது, அவ்வளவுதான்! இங்கே நாம் பேரில் ஒரு எழுத்தைக் கூட்டிக்கொள்ள நியூமராலஜிக்காரருக்குக் காசு கொடுக்கிறோம்.

அவர் மனைவி சரஸ்வதி கோரா, வயிற்றில் பிள்ளையோடு கிரகணத்தை நின்று பார்த்தவர். ஒன்று சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. போன கிரகணத்தன்று எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் இட்லி மாவுத் தூக்கின் மேல் தர்ப்பை. ஏழு மாதக் கர்ப்பிணியான மருமகள் அறையில் ஜன்னல் திரை இழுத்து மூடியிருந்தது. இரண்டும் என் கைவேலை. அன்று காலையில்தான் பகுத்தறிவு பற்றி ஒரு மணி நேரம் பேசிவிட்டு வந்திருந்தேன். பேச்சு சுலபம் ஐயா. அந்தத் திரை இருக்கிறதே, அதுதான் கனம்.

காந்தியிடம் கோரா கடவுளைப் பற்றி வாதாடிப் பார்த்தார். காந்தி நாத்திகர் ஆகிவிட்டாரா? இல்லை. ஆனால் கோராவின் மகள் மனோரமாவுக்கும் தலித் இளைஞர் அர்ஜுன ராவுக்கும் தன் ஆசிரமம் இருந்த சேவாகிராமத்தில் கல்யாணம் நடத்திவைக்க இசைந்தார். உறுதிமொழியில் கடவுள் இருக்கும் இடத்தில் சத்தியம் என்று மாற்றவும் ஒப்புக்கொண்டார். 1948 ஜனவரியில் காந்தியைச் சுட்டுவிட்டார்கள். மார்ச்சில் அதே சேவாகிராமத்தில் கல்யாணம் நடந்தது. வாதத்துக்கு அசையாத காந்தி ஒரு கல்யாணத்துக்கு அசைந்தார், நடுவரே!

எதிரணி அடுத்து என்ன சொல்வார்கள் என்று தெரியும். 1975 ஜூலையில் விஜயவாடாவில் ஒரு கூட்டத்தில் பேசிக்கொண்டிருக்கும்போதுதான் கோராவின் உயிர் பிரிந்தது. அந்த ஒரு பாயிண்ட் உங்களுக்கே, எடுத்துக்கொள்ளுங்கள். மணியும் அடித்துவிட்டது. மருமகள் மூன்றாவது வரிசையில்தான் இருக்கிறாள். திரை விஷயத்தை மட்டும் அவளிடம் யாரும் கிளற வேண்டாம்.