கூகையின் காது

நேயர்களுக்கு வணக்கம். மன்னார்குடிப் பக்கம் விலங்கியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நாய்க்கு நிறம் தெரியுமா, ஆந்தைக்குப் பகலில் கண் தெரியுமா, பாம்புக்குக் காது உண்டா என்று நீங்கள் எழுதிக் கேட்டவற்றுக்குப் பதில் சொல்ல வானொலி நிலையத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

நாய்க்கு நீலமும் மஞ்சளும் தெரியும். சிவப்பும் பச்சையும் குழம்பும். சரி, ஆந்தைக்கு வருவோம். என்னிடம் படித்தவர்கள் இப்போதே சிரிப்பார்கள், வாத்தியார் இனி இதைவிட்டு நகரமாட்டார் என்று.

பகலிலும் ஆந்தைக்குக் கண் தெரியும். வெளியே வந்தால் காக்கைகள் கூட்டமாகத் துரத்தும், அதனால்தான் பொந்தில் கிடக்கிறது. ஆனால் நம் கோயில் கோபுரத்திலும் பனைமரப் பொந்திலும் இருக்கிற வெள்ளை முகக் கூகை என்கிற ஆந்தை இருக்கிறதே, அதற்குக் கண்ணைவிடக் காதுதான் பெரிய சொத்து. ரோஜர் பெய்ன் என்ற அமெரிக்கர், பிற்பாடு திமிங்கிலங்களின் பாட்டை ஆராய்ந்து பேர் வாங்கியவர், கூகையைக் கும்மிருட்டு அறையில் விட்டுப் பார்த்தார். தரையில் சருகு. அதன்மேல் எலி அளவு காகித உருண்டையை நூல் கட்டி இழுத்தார். கூகை காகிதத்தின் மேலேயே பாய்ந்தது! காகிதத்துக்கு எலி வாசனையும் கிடையாது, உடம்புச் சூடும் கிடையாது. சருகின் சத்தம் மட்டும்தான்.

எப்படி முடிகிறது? அதன் இரண்டு காதுத் துளைகளும் ஒரே மட்டத்தில் இல்லை. இடப்பக்கத் துளை சற்று மேலே, வலப்பக்கத் துளை சற்றுக் கீழே. அதனால் சத்தம் மேலிருந்து வருகிறதா, கீழிருந்து வருகிறதா என்று பிடித்துவிடும். இடமா வலமா என்பதற்கு, எந்தக் காதுக்கு முதலில் எட்டியது என்ற கணக்கு. அந்த வித்தியாசம் நொடியில் லட்சத்தில் சில பங்கு. மறுபடியும் சொல்கிறேன், லட்சத்தில் சில பங்கு. அந்த வட்ட முகமும் அழகுக்கு இல்லை. நாம் காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக் கேட்போமே, அந்த வேலையைத்தான் முக இறகுகள் செய்கின்றன. சிறகோரத்தில் சீப்புப் பல் போன்ற அமைப்பு இருப்பதால் பறக்கிற சத்தமும் எலிக்குக் கேட்காது.

எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்தில் ஒரு ஜோடி கூகை இருந்தது. ராத்திரி அலறினால் ஊரில் சாவு விழும் என்று ஒரு பெரியவர் அதைக் கலைக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். கூகை எலியை முழுசாக விழுங்கி, எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கிவிடும். மண்டபத்தடியில் அந்த உருண்டைகளைப் பொறுக்கித் தண்ணீரில் ஊறவைத்து, பையன்களோடு பிரித்தேன். ஒவ்வொன்றிலும் எலி மண்டையோடு, சிலவற்றில் இரண்டு மூன்று. எல்லாவற்றையும் செய்தித்தாளில் பரப்பி டீக்கடை பெஞ்சில் வைத்தேன். டீக்கடைக்காரர் முகம் போன போக்கை விடுங்கள்! பெரியவர் குனிந்து பார்த்தார். "ஏன் வாத்தியாரே, இத்தனையும் நம்ம வயல்ல மேஞ்சதா?" என்றார். அந்தச் சம்பாவில் அவர் வயலில் தென்னை மட்டையைத் தலைகீழாக நட்டிருந்தார், ராத்திரி கூகை வந்து உட்கார. பகலில் அதே மட்டையில் கரிச்சான் உட்கார்ந்து பூச்சி பிடித்தது.

எலியைப் பிடிக்கக் கிட்டி வைப்பவர்கள் வையுங்கள், பாதகமில்லை. எலிக்கு விஷம் வைக்கும்போதுதான் யோசியுங்கள். சில மருந்துகள் எலியின் உடம்பில் தங்கி, அதைத் தின்கிற கூகையையும் கொன்றுவிடும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள். பாம்பு! சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெளிக்காது இல்லை, உட்காது உண்டு. தரை அதிர்வைத் தாடை எலும்பு வழியாக வாங்கிக்கொள்ளும். காற்றில் வரும் தாழ்ந்த ஒலியும் ஓரளவு கேட்கும். மகுடி அசைகிற பக்கம்தான் தலையைத் திருப்புகிறது, ராகத்துக்கு இல்லை. ராத்திரி வரப்பில் போனால் டார்ச் லைட்டோடு, காலை அழுத்தி வைத்து நடங்கள். கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டவும் வேண்டாம், கீறவும் வேண்டாம், நேரே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். வௌவாலைப் பற்றிக் கேட்ட திருவாரூர் நேயருக்கு, இன்னொரு முறை கூப்பிட்டால் சொல்கிறேன். வணக்கம்.