செய்தி வாசிப்பாளருக்கு முதலில் வேண்டியது பொருளுணர்வே

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். தொலைக்காட்சிச் செய்திக்கு நம்பகத்தன்மையைத் தருவது கனத்த குரல்தான் என்றும், ஆண் வாசிக்கும்போது செய்தி இயல்பாகவே எடுபடுகிறது என்றும் எதிரணி நண்பர் வாதிட்டார். வாசிப்பதன் பொருளை உணர்ந்து சொல்லும் திறனே நல்ல செய்தி வாசிப்பாளரின் முதல் தகுதி என்பது எங்கள் அணியின் வழக்கு.

ஆணின் குரல்நாண்கள் நீளமும் தடிப்பும் மிகுந்தவை. அதனால் அவர் பேச்சு நொடிக்கு ஏறத்தாழ 120 அதிர்வுகளிலும், பெண்ணின் பேச்சு 200 அதிர்வுகளை ஒட்டியும் அமைகிறது. இந்த உடற்கூற்று வேறுபாட்டை வைத்து வாய்மையை அளந்தது பெரும்பிழை. 1920களின் வானொலி, உயர்ந்த அதிர்வெண்களை வெட்டிவிட்டே ஒலியை அனுப்பியது. அதில் பெண்களின் பேச்சிலுள்ள மெய்யொலிகள் கூடுதலாக மங்கின. கருவியின் அந்தக் குறையைப் பெண்களின் குறையாகவே அன்று பலர் பேசினர்.

1960இல் பிபிசி தொலைக்காட்சியில் தேசியச் செய்தி வாசித்த முதல் பெண் நேன் வின்டன். இரவுச் செய்தியைப் பெண் வாசிப்பதை நேயர்கள் ஏற்கவில்லை என்று நிறுவனத்தின் ஆய்வு சொன்னதால், அவர் விரைவிலேயே விலக்கப்பட்டார். அதே நிறுவனத்தில் 1975இல் ஆஞ்சலா ரிப்பன் ஒன்பது மணிச் செய்தியை முறையாக வாசிக்கத் தொடங்கிப் பெரும்புகழ் பெற்றார். இடைப்பட்ட 15 ஆண்டுகளில் பெண்களின் தொண்டை மாறிவிட்டதா, நடுவர் அவர்களே?

குரலே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. 'கொலை' என்பது 'கொள்ளை' என்று காதில் விழுந்தால் செய்தியே மாறிவிடும். ஆகவே தெளிந்த உச்சரிப்பு கட்டாயம் வேண்டும். அது பயிற்சியால் எவருக்கும் வரும். வாசிக்கவேண்டிய வரிகளைத் திரையில் காட்டும் டெலிபிராம்ப்டர் நின்றுபோய், காதுக்கருவியில் தயாரிப்பாளர் புதிய தகவலைச் சொல்லிக்கொண்டிருக்கும் நேரத்தில், எதைச் சொல்லலாம், எதை நிறுத்தி வைக்கவேண்டும் என்று பிரித்தறியும் தெளிவுதான் அரிதாக வாய்க்கிறது.

1963 நவம்பர் 22 அன்று, அமெரிக்க அதிபர் கென்னடி சுடப்பட்ட செய்தியை சிபிஎஸ் தொலைக்காட்சியில் வால்டர் குரோன்கைட் சொல்லிக்கொண்டிருந்தார். அதிபர் இறந்துவிட்டதாகத் தகவல் வந்தபோது, அதனை மறைக்காமல், ஆனால் இன்னும் அதிகாரபூர்வமாக உறுதிப்படவில்லை என்ற எச்சரிக்கையோடு சொன்னார். உறுதிச் செய்தி கைக்கு வந்ததும், கண்ணாடியைக் கழற்றி, கடிகாரத்தைப் பார்த்து, 38 நிமிடங்களுக்கு முன் அதிபர் இறந்தார் என்று அறிவித்தார். அடுத்த சில நொடிகள் அவரால் பேச முடியவில்லை. குரோன்கைட்டின் குரல் கனமானதுதானே என்று எதிரணி கேட்கலாம். கனமானதுதான். ஆனால் வதந்தியையும் உறுதியையும் அவர் பிரித்துக் காட்டிய அந்த நிமிடங்களில், அந்தக் கனத்துக்கு என்ன வேலை இருந்தது என்பதை அவர்களே விளக்கட்டும்.