இடிமழைக்கு முன்னே வரும் காற்று

நேயர்களுக்கு வணக்கம். விக்டோரியா மாநிலத்தில் ஒக்டோபர் தொடக்கத்திலிருந்து டிசம்பர் இறுதிவரை புல் மகரந்தக் காலம். வெயில் ஏறத் தொடங்கியதும் வரும் கடும் இடிமழைகளும் இதே மாதங்களில்தான் நம்மை எட்டுகின்றன. இவ்விரண்டும் ஒரே நாளில் சேர்ந்தால் என்ன நேரும் என்பதை மெல்பேர்ன் நகரம் 2016ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் திகதி கண்டது.

அன்று திங்கட்கிழமை. பகல் வெப்பநிலை 35 பாகை செல்சியஸ் அளவுக்கு உயர்ந்திருந்தது. நகரின் வடக்கிலும் மேற்கிலும் பரந்து கிடக்கும் மேய்ச்சல் நிலங்களிலிருந்து உலர்ந்த காற்று மகரந்தத்தை அள்ளிக்கொண்டு வந்திருந்தது. மாலையில் ஜீலோங் பக்கமிருந்து கிளம்பிய இடிமழைத் தொடர் ஒன்று நகரைக் கடந்து சென்றது. மழை பெரிதாகப் பெய்யவில்லை. ஆனால் காற்று வீசிச் சென்ற சிறிது நேரத்திலேயே நகரெங்கும் மக்கள் மூச்சுத் திணறத் தொடங்கினார்கள். அடுத்த 30 மணி நேரத்தில், சுவாசக் கோளாறுடன் அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு வந்தோர் தொகை வழக்கமாக வருவோரைவிட மூவாயிரத்துக்கும் மேல் கூடியிருந்தது. பத்துப் பேர் உயிரிழந்தார்கள். இடிமழை ஆஸ்துமா என்று மருத்துவம் குறிப்பிடும் இந்த நிகழ்வு மெல்பேர்னில் 1987இலும் 1989இலும் நடந்ததுதான்; ஆயினும் இத்தனை பெரிய அளவில் உலகில் வேறெங்கும் பதிவானதில்லை.

இது எவ்வாறு நிகழ்கிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் காரணம் விளங்கினால்தான் எச்சரிக்கையின் பொருள் விளங்கும். மேய்ச்சல் நிலங்களில் வளரும் ரை புல்லின் மகரந்தத் துகள் ஒன்று ஏறத்தாழ 35 மைக்ரோமீற்றர் பருமன் கொண்டது. இந்தப் பருமனுள்ள துகள் மூக்கிலேயே தங்கிவிடுவதால் தும்மலும் மூக்கொழுகலும் கண் அரிப்பும் உண்டாகின்றனவே தவிர, அது நுரையீரல்வரை இறங்குவதில்லை. இடிமேகத்தின் ஈரப்பதத்தில் அகப்பட்டால், அதே துகள் நீரை உறிஞ்சி ஊதிப் பெருத்து வெடித்து, நூற்றுக்கணக்கான மிக நுண்ணிய மாவுச்சத்து மணிகளைச் சிதறுகிறது. ஒவ்வாமையைத் தூண்டும் புரதத்தைச் சுமந்துள்ள அம்மணிகள் மூக்கைக் கடந்து நேராக மூச்சுக்குழாய்களின் அடியாழத்தை அடைகின்றன. மேகத்திலிருந்து கீழ்நோக்கிப் பாயும் குளிர்காற்று நிலத்தில் மோதி நாலாபுறமும் விரியும்போது அவற்றை நாம் மூச்சிழுக்கும் உயரத்துக்கே கொண்டுவந்து விடுகிறது. ஆகவே ஆபத்து மின்னலிலோ மழைத்துளியிலோ இல்லை; மழைக்குச் சற்று முன்னதாகச் சில்லென்று வீசும் அந்தக் காற்றில்தான் இருக்கிறது. நம்மவர்கள், நாள் முழுதும் வெயிலில் வாடிய பிறகு, அந்தக் காற்றை வாங்குவதற்கென்றே முற்றத்துக்கு வந்து நிற்கிறோம்.

தமது உடலுக்கு ஆஸ்துமா இல்லை என்று நம்பியிருந்தவர்களே அன்று பெரும்பான்மையாகப் பாதிக்கப்பட்டார்கள். பின்னர் நடந்த ஆய்வில், சிகிச்சைக்கு வந்தோரில் மிகப் பெரும்பாலானோருக்கு வசந்தகாலத்து மூக்கொழுகல் ஏற்கெனவே இருந்ததும், ஆனால் ஆஸ்துமா என்று மருத்துவரால் உறுதிசெய்யப்பட்டவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதும் தெரியவந்தன. இந்திய, ஆசிய வம்சாவளியினர் நகர மக்கள்தொகையில் தமக்குள்ள பங்கைக் காட்டிலும் மிக அதிகமாகப் பாதிக்கப்பட்டிருந்தார்கள். இதில் நமக்கு நேரடியான தொடர்பு உண்டு. இலங்கையிலிருந்தோ தமிழ்நாட்டிலிருந்தோ வந்து இறங்கும்போது நமது உடலுக்கு இந்த ரை புல் அறிமுகமே இல்லை. சில ஆண்டுகள் இங்கே வாழ்ந்த பின்னரே ஒவ்வாமை மெல்லத் தலைகாட்டுகிறது. "ஊரில் இருந்தபோது எனக்கு ஒன்றும் இருந்ததில்லை" என்று சொல்லி, ஒவ்வொரு நவம்பரிலும் மருந்தகத்தில் ஒவ்வாமை மாத்திரை வாங்கி விழுங்கிக் காலத்தைக் கடத்துகிறவர்கள் நம்மிடையே ஏராளம். இன்றைய எனது உரை முதன்மையாக அவர்களுக்கானது.

எச்சரிக்கைகளைப் பொறுத்தவரை ஒரு குழப்பத்தை நீக்க வேண்டியிருக்கிறது. வானிலைப் பணியகம் விடுக்கும் கடும் இடிமழை எச்சரிக்கை, மணிக்கு 90 கிலோமீற்றரை எட்டும் காற்று, இரண்டு சென்ரிமீற்றர் பருமனுள்ள ஆலங்கட்டி, திடீர் வெள்ளத்தை உண்டாக்கும் மழை போன்றவற்றுக்கானது. சுற்றுச்சூழல் பாதுகாப்பு அதிகார சபை வெளியிடும் காற்றுத் தர அளவு, பெரும்பாலும் புகையும் தூசியும் எவ்வளவு என்பதைக் காட்டுவது. அது மகரந்தத்தைக் கணக்கிடுவதில்லை. எனவே காற்றுத் தரம் நன்று என்று காட்டும் நாளிலும் இடிமழை ஆஸ்துமாவின் ஆபத்து உச்சத்தில் இருக்கலாம். 2016க்குப் பின்னர், 2017 முதல், இதற்கெனத் தனியான முன்னறிவிப்பு மகரந்தக் காலம் முழுதும் நாள்தோறும் வெளியிடப்படுகிறது. பச்சை என்றால் ஆபத்துக் குறைவு, செம்மஞ்சள் என்றால் நடுத்தரம், சிவப்பு என்றால் அதிகம். மாநிலத்தின் அவசரகால எச்சரிக்கைகளைத் தரும் விக்எமர்ஜென்சி செயலியைக் கைப்பேசியில் வைத்திருப்பவர்கள் அதைக் காணலாம்.

சிவப்பு நாளில் இடிமழை நெருங்கும்போது வீட்டுக்குள் சென்று கதவு யன்னல்களை மூடிக்கொள்ள வேண்டும். வாகனத்தில் இருந்தால் வெளிக்காற்றை உள்ளே எடுக்காதவாறு குளிரூட்டியை மாற்றிக்கொள்ள வேண்டும். இங்கே பலரும் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. மெல்பேர்ன் வீடுகள் பலவற்றில் கூரைமேல் பொருத்தப்பட்டிருப்பது நீராவியாதல் முறைக் குளிரூட்டி. அது வெளிக்காற்றை இழுத்து, ஈரத்தில் குளிர்வித்து, வீட்டுக்குள் தள்ளுகிறது. யன்னலை எல்லாம் மூடிவிட்டு அதை ஓடவிடுவதால் பயனில்லை. இடிமழை கடந்து செல்லும்வரை அதை நிறுத்திவிட வேண்டும். காட்டுத்தீப் புகை சூழும் நாட்களிலும் இதே விதிதான். 2020 ஜனவரியில் புகை மூட்டத்தால் அவுஸ்திரேலிய ஓப்பன் டென்னிஸ் தகுதிச் சுற்று ஆட்டங்களே தடைப்பட்டதை நினைவில் வைத்திருப்பீர்கள். புகைக்கு முகத்தோடு நன்கு பொருந்தும் பி2 அல்லது என்95 கவசம் உதவும். துணிக் கவசம் உதவாது.

மருந்து பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆஸ்துமா உள்ளவர்கள், மூச்சு முட்டாமல் தடுக்கப் பம்ப் (இன்ஹேலர்) வழியாக எடுக்கும் தடுப்பு மருந்தைச் சுகமாக இருக்கும் நாட்களிலும் நிறுத்தாமல் எடுக்க வேண்டும். பம்ப் எடுத்தால் அது பழகிவிடும் என்ற அச்சம் நமது வீடுகளில் இன்னமும் உண்டு. அதற்கு மருத்துவ அடிப்படை கிடையாது. மூக்கொழுகல் மட்டுமே உள்ளவர்கள், பருவம் தொடங்குமுன் குடும்ப மருத்துவரைக் கண்டு, தமக்கு மூக்குத் தெளிப்பான் தேவையா, ஆஸ்துமா ஒளிந்திருக்கிறதா என்று கேட்டறிவது நல்லது. நீல நிற நிவாரணப் பம்பை மருந்துச்சீட்டு இல்லாமலே மருந்தகத்தில் வாங்கலாம். யாருக்காவது முட்டு, அதாவது மூச்சிழுப்பு, கண்டால் அவரை நிமிர்த்தி உட்கார வையுங்கள். பம்பின் வாயில் பொருத்தும் ஸ்பேசர் என்னும் குழாய் வழியாக ஒவ்வொன்றாக நான்கு முறை மருந்தைச் செலுத்தி, ஒவ்வொரு முறைக்கும் நான்கு மூச்சு எடுக்கச் செய்யுங்கள். நான்கு நிமிடம் பொறுத்தும் தணியவில்லை என்றால் மீண்டும் நான்கு முறை கொடுங்கள். அதன் பின்னரும் தணியாவிட்டால் 000 இலக்கத்தை அழையுங்கள். அம்புலன்ஸ் வரும்வரை இதே ஒழுங்கில் மருந்தைத் தொடருங்கள். பேச முடியாத அளவுக்கு மூச்சுத் திணறினால் எதற்கும் காத்திராமல் உடனே அழைக்க வேண்டும்.

பகலில் பிள்ளைகள் வேலைக்குச் சென்றுவிட, ஆங்கிலம் அதிகம் பேசாத பெற்றோர் தனியே இருக்கும் வீடுகள் பல. அவர்களிடம் ஒன்றைச் சொல்லி வையுங்கள்: 000க்கு அழைத்து "அம்புலன்ஸ்" என்று மட்டும் கூறி, அடுத்து "தமிழ்" என்று சொன்னால் போதும். இணைப்பைத் துண்டிக்காமல் காத்திருந்தால் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை இணைத்துவிடுவார்கள்.